மார்வாடிக்கு நான் மொழிபெயர்த்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ராஜஸ்தான் துணி வியாபாரி ஒருவர் குடிவந்தார். எங்கள் ஊர்க் கணக்கில் அவர் 'சேட்டு'. வீட்டில் அவர்கள் பேசுவது ஹிந்தி. தபாலில் ஹிந்தி படித்து நாலு பரீட்சை தேறியிருந்த நான், சுவருக்கு அப்பாலிருந்து வரும் பேச்சில் ஒரு வரியும் புரியாததற்கு அவர்களுடைய வேகம்தான் காரணம் என்று முடிவு செய்திருந்தேன். அது மார்வாடி, தனி இலக்கணமுள்ள வேறு மொழி என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

சேட்டு பொள்ளாச்சி போயிருந்த ஒரு பகலில், ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பாவுக்குக் காலில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கொதித்தது. நானே முன்வந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருமகளும் வந்தாள். கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். காய்க்காரரிடம் அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் பரம்பரைக் கொங்குக்காரி என்பீர்கள். ஆனால் மாமனார் எதிரில் முகமும் தெரியக்கூடாது, குரலும் கேட்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். நெஞ்சுவரை முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

பென்சிலின் போட வேண்டும், முன்பு போட்டு ஏதாவது ஆனதா என்று கேட்கச் சொன்னார் டாக்டர். கேட்டேன். பெரியவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்ல நாலு பரீட்சை விடவில்லை.

"ஒண்ணும் ஆகலீங்களாம் டாக்டர். தொண்டை காயுதாம், தண்ணி கேக்கறாருங்க."

நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். பெரியவர் டம்ளரைத் தள்ளிவிட்டு மறுபடி தொண்டையைக் காட்டினார். கதவோரம் வளையல்கள் மோதின. டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். வளையல்கள் இன்னும் வேகமாக மோதின. பாவம், பயப்படுகிறாள் என்று அவளுக்குக் கையமர்த்தினேன். பெரியவர் கையை இழுத்துக்கொண்டார், நர்ஸ் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்தேன். பஞ்சு தோளில் பட்டது.

"ஏனுங்ண்ணா, நிறுத்தச் சொல்லுங்க. இந்த ஊசி மாமாவுக்கு ஆகாதுங்க. ஊர்ல போட்டுத் தொண்டை அடைச்சு, மூச்சே நின்னுபோச்சுன்னு கதறிட்டிருக்காரு. நீங்க தண்ணி குடுக்கறீங்க."

ஊசி அந்தரத்தில் நின்றது. அறையில் ஒரே ஒரு பெண்குரல், அதுவும் மாமனார் முன்னால். பெரியவர் கதவையே பார்த்தார். அவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், இவிய பாஷை உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஹிந்தி தெரியுமுங்க."

"அதை நான் கேக்கலீங்க."

எந்த ஊசி, எத்தனை வருஷமாயிற்று, வேறு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்கு இன்னும் தெரிய வேண்டியிருந்தது. அவளோ மறுபடி வாய் திறக்கவில்லை.  பெரியவர் கட்டிலில் சீழ்பிடித்த காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து, மெல்லப் புரண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என் சட்டையிடம் மார்வாடியில் கேட்டாள். அவர் சுவரிடம் பதில் சொன்னார். அவள் அதைத் தமிழில் டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு எழுதிக்கொண்டார். நடுவில் நின்ற நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினேன்.

"நீங்க சும்மா நின்னாப் போதுமுங்க," என்றார் டாக்டர், எழுதியபடியே.