பெரியப்பாவின் இரட்டை டர்போ வேன்

என் பெரியப்பா வண்டிகளுக்கு சீட் தைப்பவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ரெக்சின் சுருள்கள், ஃபோம் அட்டைகள், பசை டப்பாக்கள், தடித்த ஊசி போட்ட ஒரு தையல் மெஷின். வேனோ பஸ்ஸோ எது வந்தாலும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு சீட்டை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோவார். வாழ்நாள் முழுக்க வண்டிகளோடு பழகியும் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தவர் இல்லை. ஆனால் சீட்டைத் தடவிப் பார்த்தே ஓட்டியவனுடைய குணத்தைச் சொல்லிவிடுவார். "இவன் அவசரக்காரன். சீட்டு நுனியிலயே உக்காந்து ஓட்டியிருக்கான் பாரு" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். அந்தப் பாதிதான் அவரைக் கெடுத்தது.

அவருக்கு ஒரே மகள். எனக்கு அக்கா முறை. அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், வண்டி நல்ல வண்டியாக இருந்தால். பெரியப்பாவிடம் அப்போது இருந்தது ஒரு பழைய சின்ன வேன். சமவெளியில் சொன்ன பேச்சைக் கேட்கும். மலையில் மூச்சு வாங்கும். அக்கா அங்கே குடிபோன புதிதில் எல்லோரும் அதில்தான் போனோம். ஒரு செங்குத்தான வளைவில் பெரியம்மாவும் நானும் இறங்கி நடந்தோம். வேனுக்கு முன்னால் நாங்கள் மேலே போய் நின்றோம். வீட்டை அடைந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா, "சம்பந்தி வண்டியில வந்தாரா, வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் ஒரு வண்டி புரோக்கர் சாம்பல் நிற வேன் ஒன்றை சீட் தைக்கக் கொண்டுவந்தார். பழைய வண்டிதான், ஆனால் பார்க்க மினுமினுவென்று இருந்தது. டீசல், இரட்டை டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதி இழுவையைக் கூட்டும் விசிறிகள் இரண்டு. "மலையெல்லாம் இதுக்கு மாடிப்படி மாதிரிண்ணே" என்றார் புரோக்கர். பெரியப்பா டிரைவர் சீட்டைத் தடவினார், அழுத்தினார், முகர்ந்துகூடப் பார்த்தார். ஃபோம் அமுங்காமல் கெட்டியாக இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். எந்த வண்டியையும் அவர் நல்ல வண்டி என்று சொன்னதில்லை, அதனால் ஊரே அவரைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும். பெரியம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் பெரியப்பா அவரை வரவழைத்தார்.

சந்தேகம் வேனை ஒருமுறை சுற்றி வந்தார். "ரெண்டு டர்போன்னா ரெண்டு பங்கு இழுவைன்னு நீங்க நினைக்கிறீங்க. கெட்டுப்போறதுக்கு ரெண்டு பங்கு சாமான்னு நான் நினைக்கிறேன். சின்னது மெதுவா போறப்ப வேலை செய்யும், பெருசு வேகமா போறப்ப. நடுவுல ஒரு கதவு இருக்கு. எல்லாம் ஒழுங்கா இருந்தா ராஜா வண்டி. ஆனா டர்போவுக்கு உயிரே எண்ணெய்தான். இதுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க வேளா வேளைக்கு எண்ணெய் மாத்தினாங்களான்னு யாரு சொல்றது?"

"சீட்டைப் பாரு தம்பி. சீட்டை இப்படி வச்சிருக்கறவன் இன்ஜினை எப்படி வச்சிருப்பான்?"

"சீட்டு வெளிய தெரியும்ணே. ஒரு நாள் வண்டிய என்கிட்ட விடுங்க, பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்."

அந்த ஒரு நாளை பெரியப்பா கொடுக்கவில்லை. வேறொருவர் வாங்க வருகிறார் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பழைய வேன் போனது, புது வேன் வீட்டுக்கு வந்தது.

முதல் பயணத்தை மறுக்க முடியாது. வேன் மலையில் பறந்தது. நாங்கள் இறங்கி நடந்த அந்த வளைவில் ஒரு லாரியைத் தாண்டிப் போனோம். பெரியப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா வீட்டில் உலை கொதிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தோம். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். "குழந்தை பிறந்ததும் மாசம் ரெண்டு தடவை வந்து நிப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அவர் மனதாரத்தான் சொன்னார். வேன்தான் கேட்கவில்லை.

முதலில் எண்ணெய் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை, புகை இல்லை, ஆனால் அளவுக்குச்சியை எடுத்தால் நுனி காய்ந்திருந்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது. விளக்கு எரிந்தால் இன்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். சைக்கிள்காரன் தாண்டிப் போவான். சந்தேகம் டர்போக்களுக்கு நடுவிலிருந்த கதவைச் சரிசெய்தார், சின்ன டர்போவை மாற்றினார், குழாய் மாற்றினார். ஒன்று சரியானால் இன்னொன்று படுத்தது.

கடைசியில் ஒரு நாள் பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். "போற புகையில கொஞ்சத்தத் திருப்பி இன்ஜினுக்குள்ளயே விடறாங்கண்ணே. அத ஆத்தறதுக்கு ஒரு பெட்டி இருக்கு. இந்த வண்டியில அந்தப் பெட்டி உள்ளுக்குள்ளயே அரிச்சு, பொடிப்பொடியா உதிர்ந்திருக்கு. பொடி போயி சிலிண்டரக் கீறிடுச்சு. கீறல் வழியா எண்ணெய் ஏறி எரியுது, வடிகட்டி இருக்கறதால புகை வெளிய தெரியல. நான் மேல மேல ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன். இன்ஜினையே மாத்தணும், இல்ல வண்டியக் கைகழுவணும்."

பெரியப்பாவுக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை. விற்றால் புரோக்கரிடம் ஏமாந்ததை ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார்.

இதற்கிடையில், மலைப்பாதைப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அக்காவுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. எங்கள் தெருமுனையிலிருந்து தினமும் காலையில் அந்த ஊருக்கு நேரடி பஸ் உண்டு. பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு அதில் போவாள், வருவாள்.

"நீங்களும் வாங்களேன். என்ன, பஸ்ல போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வண்டி ரெடியாயிடும். வண்டியிலயே வரேன். நீ போயிட்டு வா."

மாப்பிள்ளை ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் வீட்டு வாசலுக்கு நடந்து போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பேத்திக்காக ஒரு சின்ன சீட் தைத்தார். மெத்தென்ற துணி, ஓரத்தில் மஞ்சள் பட்டை. குழந்தைக்கு அது சிறியதாகிவிட்டது என்று பெரியம்மா சொன்னதும் தையலைப் பிரித்துப் பெரிதாக்கினார். பிறகு மறுபடியும் ஒரு தடவை பெரிதாக்கினார். போனில் அக்கா கூப்பிடும்போதெல்லாம், "குழந்தையத் தூக்கிட்டு நீ பஸ்ல அலையாத, அடுத்த வாரம் நானே வந்துடறேன்மா" என்பார். முதலில் அவள் "சரிப்பா" என்பாள். பின்னால், "உடம்பப் பாத்துக்கோங்கப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். இடையில் வேன் நன்றாக இருந்த சில வாரங்களில் இரண்டு தடவை கிளம்பினார். இரண்டு தடவையும் விளக்கு எரியவே மலையடிவாரத்தோடு திரும்பி வந்தார்.

பிறகு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள் என்று செய்தி வந்தது. பெரியப்பா கொட்டகைக்குள் போய் பேத்தியின் சீட்டை எடுத்துத் தூசி தட்டினார். வெளியே வந்ததும், "ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன்" என்றார். சந்தேகம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மலை ஏறாதீங்கண்ணே, நான் பொறுப்பில்ல" என்றார்.

பெரியப்பா, பெரியம்மா, நான், மூவரும் கிளம்பினோம். பாதி மலை வரை வேன் நன்றாகத்தான் ஏறியது. அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது ஏறி ஏறி அலறலானது. பின்னால் பாதையே தெரியாதபடி நீலப் புகை. ஒரு பெரிய 'டமால்' சத்தத்தோடு இன்ஜின் நின்றது. பெரியப்பா சாவியைத் திருப்பிப் பார்த்தார். அசைவே இல்லை. பெரியம்மா அவர் கையிலிருந்த சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். "நீங்க அங்கயே இருங்க. நாங்க வாடகைக் கார்ல கீழ வர்றப்ப பாத்துட்டுப் போறோம்" என்றாள். காத்திருந்தபோது அக்கா ஊருக்குப் போகும் அந்தக் காலை பஸ் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார். பெரியப்பா வேண்டாம் என்று கையசைத்தார்.

கார் வந்து பாதையோரம் நின்றது. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் காரின் இன்ஜினை அணைக்கக்கூட இல்லை. அக்கா இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை நடக்கவும் பேசவும் ஆரம்பித்திருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் தாவி இடுப்பில் ஏறிக்கொண்டது. பெரியப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். அது முகத்தைப் பெரியம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டது.

"தாத்தாடி, போன்ல பேசுவியே" என்றாள் அக்கா.

குழந்தை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது. காத்திருந்த நேரத்தில் அன்றுதான் முதல்முறையாக இன்ஜின் மூடியைத் திறந்து துழாவியிருந்ததால் அவர் கையில் கரி. நீட்டிய கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டவில்லை.

"நேரமாச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை, மெதுவாகத்தான்.

"போயிட்டு வாங்க. பத்திரம்" என்றார் பெரியப்பா.

வேனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது சந்தேகத்தின் பட்டறையிலேயே துண்டு துண்டாக விலைபோனது. பெரியப்பா இன்னும் சீட் தைக்கிறார். யாராவது வண்டி வாங்க யோசனை கேட்டால், "எனக்கு உக்கார்ற இடம்தான் தெரியும், தெருக்கோடிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார். சீட்டைத் தொட்டு ஆளைச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட்டார்.

போன வாரம் நான் போயிருந்தபோது பெரியப்பாவும் பெரியம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா முதல் முதலா நடந்தாளே, அவங்க வீட்டுல எந்த ரூம்ல?" என்று கேட்டார். இதை அவர் அடிக்கடி கேட்பார் போலிருக்கிறது. பெரியம்மா எங்கும் நிறுத்தாமல், குரலில் ஒரு சலிப்பும் இல்லாமல் சொன்னாள்.

"முன் ரூம்லதான். சோபாவப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஜன்னல்கிட்ட ஒரு சிவப்புப் பந்து கிடந்தது. அதப் பாத்துட்டே கையை விட்டா."

"விழலையே?"

"விழுந்தா. அழல."

அவர் தலையாட்டிக்கொண்டார். "அப்புறம்?" என்றார்.