வக்கீல் தூக்கிய கை

எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்கு வக்கீல் என்று பெயர். கோட்டும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளை மடிக்கிற வேலைதான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் எதிராளி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். முதலாளி கைவிட்டுப் போன கூடத்தை நாங்களே பங்கு போட்டு எடுத்து நடத்துகிறோம். எதை முடிவு செய்வதென்றாலும் மடிக்கிற மேஜையைச் சுற்றி நின்று கை தூக்குவோம். ஆளுக்கு ஒரு கை. அந்த விதியை மல்லுக்கட்டி வாங்கித் தந்தவரே வக்கீல்தான்.

மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். விரிப்பின் ஒரு பக்கம் இவர் பிடிப்பார், மறுபக்கம் இவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. அக்கா இவருக்கு வெகு முன்பே இங்கே வேலைக்கு வந்தவள். இவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். ஓட்டெடுப்பு என்றால் வக்கீல் வலது கையைத் தூக்குவார். இடது கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து அதையும் தூக்குவார். "எங்க வீட்டுல கருத்து வேறுபாடே கிடையாது!" என்பார். நாங்கள் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள்.

போன மாதம் நீராவிக் குழாய் வெடித்து, இஸ்திரி போடும் பையனின் முழங்கை வெந்துபோனது. பாய்லர்காரர் முன்பே எச்சரித்தும், பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடலாம் என்று கை தூக்கியவர்கள் நாங்கள்தான். பாய்லர்காரர் பொங்கிவிட்டார்.

"பாய்லர் பக்கமே வராதவன் எல்லாம் கை தூக்குனா இப்படித்தான் ஆகும். பத்து வருஷம் தாண்டினவங்களுக்கு ரெண்டு ஓட்டு குடுங்க. தெரிஞ்சவன் பேச்சுக்கு ஒரு எடை வேணாமா?"

வக்கீல் விடுவாரா? "தெரிஞ்சவர் சொல்லட்டும், காது குடுத்துக் கேக்குறோம். அன்னைக்கு உங்க பேச்சைக் கேக்காதது தப்புதான். ஆனா வெந்தது யார் கைங்க? சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன் கை. காயம் மட்டும் முழு ஆளுக்கு, ஓட்டு அரை ஆளுக்கா? தெரிஞ்சவன், தெரியாதவன்னு பிரிக்கப்போறது யாரு? நாளைக்கு உங்களையே தெரியாதவர்னு ஒருத்தன் சொன்னா?"

ஓட்டெடுத்தோம். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் சமத்துவம் ஜெயித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேலைக்குத் திரும்பினோம். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். விரிப்பை உதறியபடியே அக்கா சொன்னாள்: "அந்த ரெண்டு ஓட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"என்ன சொல்றே? நீ நம்ம பக்கம்தானே கை தூக்கினே?"

"நானா தூக்கினேன்?" அவள் குரலில் கோபமே இல்லை. "எனக்குத்தான் பத்து வருஷம் தாண்டிருச்சே. ரெண்டு இருந்தா, ஒண்ணை நீங்க எடுத்துக்கிட்டாலும் ஒண்ணு எனக்கு மிஞ்சும்ல?"

வக்கீலின் முகம் சுண்டிப்போனது. வெளியே சொன்னால் ஜெயித்தது கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். வெட்கக்கேடு.

அவர் எல்லோரையும் மறுபடி மேஜைக்குக் கூப்பிட்டார்.

"ஜெயிச்ச வக்கீல் அப்பீல் பண்றாரா?" என்றார் பாய்லர்காரர்.

"என் பக்கம் எண்ணின கையில ஒண்ணு திருட்டுக் கை. அது அவளோடது, தூக்கினது நான். இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே." அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "திரும்ப எண்ணுங்க."

எண்ணினோம். இரண்டு ஓட்டு வேண்டும் என்பவர்கள் கை தூக்கியபோது, அக்கா முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். உத்தரவு கேட்கிற பார்வை. "என்னைப் பாக்காதேம்மா" என்றார் அவர். அவள் கை மெல்ல மேலே போனது. அதே ஒரு கையில் வக்கீல் தோற்றார்.

தோற்றவரைச் சுற்றி ஒரே கூட்டம். பெரிய மனசு, இந்த நேர்மை யாருக்கு வரும் என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாய்லர்காரர் கட்டிக்கொண்டே விட்டார்.

வக்கீல் உதறிக்கொண்டார். "எனக்கு எதுக்குங்க பாராட்டு? எடுத்ததைத் திருப்பிக் குடுத்ததுக்கா? அவகிட்ட யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா?"

ஒவ்வொரு தடவையும் சிரித்தது நாங்கள்தானே. அக்கா அதற்குள் மேஜைக்குத் திரும்பி, ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பிடிக்க ஆள் வரட்டும் என்று நின்றாள். போய்ப் பிடிக்க எங்களில் யாருக்கும் முகமில்லை.