தொட்டில் ராட்டினமும் சம்பந்தியம்மாவின் எடையும்

அப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் எடை போடுவார். தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை, காலிலிருந்து தலை வரை இன்னொன்று. பிறகு யாருக்கு எந்தத் தொட்டில் என்று சொல்லிவிடுவார். எங்களுடையது நான்கு மரத்தொட்டில்கள் தொங்கும், கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம். எதிரெதிர்த் தொட்டில்களில் எடை சமமாக இருந்தால் நான் ஒருத்தி தள்ளினாலே பறக்கும். இல்லையென்றால் கனமான தொட்டில் கீழே வந்து நின்றுகொள்ளும்.

மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கம் வயலும் தோப்புமுள்ள குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாகம் பிரித்தபோது தன் பங்கை அண்ணனுக்கே விற்று ராட்டினம் வாங்கினார். "நெலம் ஒரே எடத்துல கெடக்குது. அதைக் காவல் காத்துட்டு நானும் கெடக்கோணுமா?" என்று கேட்டாராம். நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். அதன்பின் திருவிழா எந்த ஊரிலோ அந்த ஊரில் நாங்கள். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மழை மாதங்களில் திருவிழா கிடையாது, கஞ்சிதான். தார்ப்பாய்க்கு அடியில் அப்பா திருவிழாவுக்கு வந்தவர்களைப் போல நடித்துக்காட்டுவார். வயிறு வலிக்கும், பசியாலா சிரிப்பாலா என்று தெரியாது.

எங்கள் ராட்டினத்தை ஊர் ஊராக ஏற்றிச் சென்ற பிக்கப் வண்டிக்காரரைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். வண்டியில் ராட்டினத்தை ஏற்றுவார். ராட்டினத்தில் அவர் மட்டும் ஏற மாட்டார், பயம். எங்களுக்கு வீடு இல்லாததால், பெண் பார்க்க அவருடைய அம்மாவும் அப்பாவும் நாங்கள் அப்போது இருந்த தேயிலை மலைக்கே, சின்னக்கானலுக்கே வந்தார்கள். எஸ்டேட் கோயில் திருவிழா. கூட்டம் சேர்வதற்கு முந்தைய மதியம். எங்களிடம் நாற்காலி இல்லை. ஒரு தொட்டிலைக் கீழே நிறுத்தி அதில் அந்த அம்மாவை உட்கார வைத்தோம். மாப்பிள்ளை டீ வாங்கப் போனார்.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. "புள்ளையப் புடிச்சிருக்குதுங்க. ஆனா இந்த ராட்டினத்தை வித்துப்போட்டு நீங்க ஒரு ஊட்டுல உக்காரோணும். சம்மந்தி எங்கீன்னு நாலு பேரு கேட்டா, எந்தத் திருவிழாவுலன்னு சொல்றது?"

எனக்கு அவரும் வேண்டும், ராட்டினமும் வேண்டும். அப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"ஒரு தடவை சுத்திப்போட்டுச் சொல்லுங்க. அப்பவும் விக்கோணும்னா நாளைக்கே வித்தர்றேன்."

எடை பார்க்கும் அந்தப் பார்வையைச் சம்பந்தியம்மாள் மேல் வீச அப்பாவுக்குக் கூச்சம். தரையைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாவின் புருஷனிடம் கேட்டார்: "ஏனுங்க, அம்மிணி எத்தனை இருப்பாங்க?"

மெலிந்த அந்த மனுஷர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்னளவுதானுங்க."

அப்பா நம்பினார். அவரை எதிர்த் தொட்டிலில் ஏற்றினார். நானும் அப்பாவும் முக்கித் தள்ளியதில் மூன்று சுற்று எப்படியோ ஓடியது. நான்காவதில் அந்த அம்மா கீழே வந்து நின்றார், புருஷன் உச்சியில் தொங்கினார். ஈரத்தரையில் எங்கள் கால் வழுக்கியது. ராட்டினம் அசையவில்லை. அந்த அம்மா எழப் பார்த்தார்.

"ஐயோ, எந்திரிச்சராதீங்க! நீங்க எறங்குனா அவரு வந்து விழுந்துருவாரு!" என்று அப்பா பதறினார்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏட்டி, சம்மதம் சொல்றவரைக்கும் சம்பந்திய அந்தரத்துல தொங்கவிடுதியளோ?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். என்னைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குறுக்குக் கட்டைகளில் கால் வைத்து உச்சிக்கு ஏறி, சம்பந்தியின் பக்கத்தில் திருவிழா பார்க்க வந்தவர்போல உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் கனத்தில் அந்தத் தொட்டில் மெதுவாக இறங்கியது. அந்த அம்மா அலறிக்கொண்டே மேலே போனார். உச்சியில் அலறல் நின்றது.

"ஆனைங்க! அஞ்சாறு ஆனைங்க அணைத் தண்ணிக்குள்ள நிக்குதுங்க! ஒரு குட்டி! ஏனுங்க, பாத்தீங்களா?"

"கண்ணை மூடிட்டு இருந்தேனுங்க," என்றார் கீழே வந்த புருஷன்.

அப்பா இறங்கினால் அந்த அம்மா கீழே வருவார், புருஷன் மறுபடி உச்சிக்குப் போவார். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை டீயோடு வந்தார். "ஏறுங்க மாப்பிளே, உங்கம்மா மேல நிக்கறாங்க!" என்று அப்பா கத்தினார். டீ என் கைக்கு வந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பா பக்கத்தில் ஏறியதும் அப்பா இறங்கினார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அப்புறம் ஓடியது பாருங்கள் ராட்டினம்! சிரிப்பில் டீ முழுவதும் என் புதுச் சேலையில்.

இறங்கியதும் அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு தலைச்சுற்றல் அடங்கக் காத்திருந்தார். அப்பா முன்னால் போய் நின்றார்.

"விக்கறதுங்களா, வேண்டாமுங்களா?"

"வித்துப்போட்டு? கல்யாணத்தன்னைக்கு எங்கூட்டு முன்னால கொண்டாந்து நட்டுங்க. எங்க சனமெல்லாம் ஏறோணும்."

அப்படியே நட்டோம். முகூர்த்த நேரத்தில் பந்தலில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேர் ராட்டினத்தின் முன் வரிசையில். தாரை வார்க்க அப்பாவைக் காணோம். மாமியார் தெருவில் இறங்கிக் கூப்பிட்ட பிறகு, பட்டுவேட்டியோடும் வேர்வையோடும் ஓடிவந்தார். கை முழுக்கக் கிரீஸ். மாமியார் துடைத்துக்கொள்ளத் தன் முந்தானையை நீட்டினார்.