பச்சை அடித்த அறை

எனக்குப் பச்சை பிடிக்கும். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சிலருக்குப் புளிப்பு பிடிக்கும், சிலருக்கு வெயிலில் உட்காரப் பிடிக்கும், அதுபோலத்தான். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஆம்பூரில் பச்சைக்கு வேலையே இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் தோல் ஷாப்பு. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, மூட்டை கட்டி மெட்ராசுக்கு ரயிலேற்றுவார்கள். அங்கிருந்து கப்பலில் சீமைக்குப் போகும். பட்டைத் தூள் காற்றில் பறந்து வந்து கூரையிலும் கொடித் துணியிலும் குடத்தின் கழுத்திலும் படியும். தெருவே பழுப்பாக இருக்கும். என் வீட்டுக்காரர் பட்டைத் தொட்டியில் மேஸ்திரி. எனக்குத் தாலி கட்டிய கையும் பழுப்புதான்.

எங்களுக்கு விட்டிருந்தது பின்பக்கத்து அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஷாப்புச் சாக்கடை. சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் பட்டைத் தண்ணீரும் அங்கேதான் ஒன்றுசேரும். சேர்ந்த இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் எழும்பும். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு மூக்கு பழகிக்கொண்டது. பழகாதது என் வெள்ளிக் கொலுசு மட்டும்தான். எத்தனை தேய்த்தாலும் சில நாளில் கறுத்துவிடும். அந்தத் தெருப் பெண்கள் எல்லோருமே புளியையும் சாம்பலையும் வைத்துக்கொண்டு வெள்ளி தேய்ப்பதைச் சமையல் மாதிரி ஒரு வேலையாகச் செய்தார்கள். வெள்ளி ஏன் கறுக்கிறது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அறையின் சுவர் எப்போதோ வெள்ளை அடித்தது. விளக்குப் புகை ஏறி, எண்ணெய்த் தலை சாய்ந்த கறைகளோடு இருந்தது. பச்சை அடித்துத் தரச் சொல்லி அவரிடம் பலமுறை கேட்டேன். "சுவத்துக்குச் சுண்ணாம்பு போதாதா?" என்பார். மாமியார் ஒருபடி மேலே போய், "பச்சையக் கண்டா ஆடு மாடுதான் ஓடும். இவ இன்னா இப்படி ஓடுறா?" என்றார். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் நான் விடவில்லை.

தலைப்பிரசவத்துக்கு என்னை விரிஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். வளைகாப்பு முடிந்திருந்தது. முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வண்டியில் ஏறும்போது, தெருப் பெண்கள் எல்லோரும் கேட்க, "அந்த ரூமுக்குப் பச்சை அடிச்சாத்தான் திரும்பி வருவேன். இல்லனா இல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் என்னை ஆம்பூருக்குத் திருப்பி அனுப்ப நாள் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்னால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் வேலூர் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். "உன் ஊட்டுக்காரன் பச்சை அடிச்சிட்டாம்மா. ரம்ஜானுக்கு ஷாப்பு மூடியிருக்குதுல்ல, அவனே உக்காந்து அடிச்சான். வாழைக்குருத்து மாதிரி இருக்குது. தெருவே வந்து பாத்துட்டுப் போவுது" என்றார். கடையில் மயில்துத்தம் என்கிற நீல உப்பை வாங்கி, சுண்ணாம்பில் கரைத்து, கொஞ்சம் மஞ்சள் காவியும் சேர்த்தாராம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவிடம் பச்சை நூல்புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன், ஜன்னலுக்குத் திரை தைக்க.

ரயிலில் அப்பாவோடு போய் இறங்கினேன். ஆரத்தி எடுத்தார்கள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நேரே பின்பக்கத்து அறைக்குப் போனேன்.

சுவர் சேற்று நிறத்தில் இருந்தது. அடுப்படிச் சுவர்கூட அதைவிடத் தேவலை. ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் பழுப்பு, மழையில் ஊறின சாக்கு மாதிரி. நடுவில் மரச்சட்டம் போட்ட ஒரு புதுக் கண்ணாடி. நான்கு மூலையிலும் ஆணி அடித்து, சுவரோடு சுவராக ஒட்டி, என் வீட்டுக்காரர் தன் உயரத்துக்கு மாட்டியிருந்தார். எனக்கு அதில் உச்சி வகிடுதான் தெரிந்தது.

அவர் வாசற்படியில் நின்றார். "அடிச்சப்ப பச்சையாத்தான் இருந்துச்சி. ஷாப்பு தொறந்தப்புறம் தினம் ஒரு கலரா மாறிக்கினே போச்சி. ஏன்னு தெரியல" என்றார்.

"பச்சையாத்தான் இருந்துதும்மா, நானே பாத்தேன்" என்று மாமியாரும் சொன்னார். மகனுக்காகத் தாய் பேசுவாள். அண்ணன் முறைக்காரரும் அதற்குத்தான் அனுப்பப்பட்டிருப்பார். ஷாப்பில் மிஞ்சின எதையோ கரைத்துப் பூசிவிட்டு, பச்சை என்று ஆளனுப்பி என்னை வரவழைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. சுவர் நிறம் மாறுமா எங்கேயாவது?

அன்று ராத்தங்கி மறுநாள் ஊர் திரும்புவதாக அப்பா சொன்னார். "நானும் வர்றேன் நைனா" என்றேன்.

"ஒரு சுவத்துக்காகவா?"

"சுவத்துக்காக இல்ல. பொய் சொல்லிக் கூப்ட்டாங்க. இன்னிக்கி சுவரு, நாளைக்கி வேற."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டான் என்று மாமியார் சத்தமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஆளோடு இனிமேல் இருப்பதா இல்லையா என்பதை அன்று நிஜமாகவே தீர்மானித்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

மத்தியானம் குழந்தை தூங்கியதும் என் சாமான்களைக் கட்டினேன். எனக்கென்று அந்த வீட்டில் அதிகம் இல்லை. கண்ணாடி மேல் கண் போனது. எனக்காக வாங்கியது என்றால் அது என்னுடையது, எடுத்துக்கொண்டு போவேன். முக்காலியைப் போட்டு ஏறி, அரிவாள் நுனியால் ஆணியை ஒவ்வொன்றாக நெம்பினேன். கடைசி ஆணி வந்ததும் கண்ணாடி என் கையில் சாய்ந்தது.

அதன் பின்னால் பச்சை இருந்தது. கண்ணாடியின் அளவுக்கு, நேர்க்கோடு போட்டதுபோல. வாழைக்குருத்து என்று அந்த அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தூரிகை போன தடம்கூடத் தெரிந்தது. கீழ் மூலையில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன். வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அப்பா எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என் மூட்டையைப் பார்த்தார். "அப்ப நான் மட்டும் கிளம்பறேன்" என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் வந்தபோது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி கீழே சாத்தியிருந்தது.

"பச்சைதானே?" என்றார்.

"பச்சைதான். சாப்பிட வாங்க" என்றேன்.

கண்ணாடியை என் உயரத்துக்கு இறக்கி மாட்டச் சொன்னேன், மாட்டினார். மேலே பச்சை திறந்தபடி இருந்தது. அடுத்த வாரமே அதன் ஓரங்கள் மங்க ஆரம்பித்தன. ஒரு நாள் கொலுசு தேய்த்துக்கொண்டிருந்தபோது அதை ஒருமுறையும் சுவரை ஒருமுறையும் பார்த்தேன். இரண்டும் ஒரே கறுப்பு. மயில்துத்தம் செம்பிலிருந்து வருவது. வெள்ளியைக் கறுக்கவைக்கும் சாக்கடைக் காற்று செம்பை விட்டுவைக்குமா? ஷாப்பு மூடிய ரம்ஜான் நாட்களில் சாக்கடை காய்ந்து கிடந்திருக்கிறது. அதனால்தான் அண்ணன் பார்த்தபோது பச்சை. கண்ணாடி ஒட்டி மூடிய இடத்துக்கு அந்தக் காற்று போகவில்லை, அங்கே மட்டும் பச்சை தங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அதே தொழிலில் கையை ஊறவைத்தவர், தினமும் அந்தக் காற்றைக் குடித்தவர், அவருக்கும் உறைக்கவில்லை. வாரம் தவறாமல் கொலுசு தேய்த்த எனக்கும் உறைக்கவில்லை.

அதன் பிறகு அந்த அறையைச் சாயத் துணியாலும் சீசாவாலும் பச்சை ஆக்கினேன். நூல்புடவை திரையாயிற்று. பச்சைச் சீசாக்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். அவை கறுக்கவில்லை. சுவருக்கு மறுபடி வெறும் சுண்ணாம்பு அடித்தோம். அடிக்குமுன் அவர் கண்ணாடியை எடுத்து, பச்சை முழுக்கப் போவதற்குள், பழைய ஆணித் துளைகளிலேயே திரும்ப அடித்தார். சுண்ணாம்பு அதைச் சுற்றித்தான் ஏறியது.

அந்த வீட்டில் இருந்தவரைக்கும் கண்ணாடி அவர் உயரத்திலேயே இருந்தது. கீழே இறக்கித் தரட்டுமா என்று சில தடவை கேட்டார், வேண்டாம் என்றேன். தினமும் முக்காலியில் ஏறித்தான் பொட்டு வைத்துக்கொண்டேன்.