பின்சீட்டுக்குள் வளைவு ஊசி

எங்கள் பட்டறையில் கார் சீட் தைக்கிற அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி விழுந்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் கிண்டல் செய்தால், "நீ பெயின்ட் அடிக்கிறவன், உனக்கென்னப்பா" என்பாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனபின், பள்ளிக்கூடப் பை தைத்த கையோடு இங்கே வந்து சேர்ந்தவள். ஊசியைப் பிடித்துவிட்டால் மட்டும் பயமெல்லாம் எங்கேயோ போய்விடும்.

அந்தப் பழைய பிரிட்டிஷ் எஸ்டேட் கார் வந்தபோது கோழி அடையக்கூட லாயக்கில்லாமல் இருந்தது. நீளமான வண்டி, கூரை வால்வரைக்கும் போகும், பின்னால் ஒரு சின்ன அறை அளவுக்கு இடம். அந்த மாடலில் மிகச் சிலவற்றைத்தான் செய்தார்களாம். சொந்தக்காரர் ரிட்டையரானவர். ஒரு திருகாணி மாறினாலும் சண்டைக்கு வருவார். சீட்டுக்கு ஏற்ற தோல் கிடைக்கவே ஒரு வருஷம் நாயாய் அலைந்தார்.

வண்டி தயாரான காலையில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "பொறந்த பேத்தியை இதுலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகுதான் அக்கா ஊசி டப்பாவை எடுத்து வைத்தாள். ஒரு வளைவு ஊசி குறைந்தது. காந்தத்தை வைத்துப் பட்டறைத் தரை முழுக்கத் தேடினோம். ஆணி கிடைத்தது, வாஷர் கிடைத்தது, ஊசி மட்டும் இல்லை. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"கடைசியா பின்சீட்டுதான் தைச்சேன். உள்ளதான் இருக்கு."

முதலாளி அதட்டினார். "சும்மா இரும்மா. எங்கயாவது விழுந்திருக்கும். அந்தத் தோல்ல கை வெச்சா மனுஷன் நம்மள உயிரோட விடமாட்டார்."

கார்க்காரப் பெரியவருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. சீட் கத்தியை எடுத்துக்கொண்டு அக்கா என் பைக்கில் ஏறினாள். வழி முழுக்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தைய படுக்க வெச்சிருக்கக் கூடாது" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. பெரியவர் பின்கதவைத் திறந்து சீட்டில் துணி விரித்துக்கொண்டிருந்தார். மகள் குழந்தையோடு குனிந்தாள்.

"ஏறாதீங்க!" அக்கா போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் கதவை மறித்துக்கொண்டார். உள்ளே ஸ்பிரிங் கம்பிகள் இருப்பதால் காந்தம் உதவாது. பஞ்சும் தோலோடு ஒட்டியிருந்தது. கிழிப்பதைத் தவிர வழியில்லை. அக்கா அவர் கைக்குக் கீழே புகுந்து, இடதுபக்கத் தோலைக் கிழித்தேவிட்டாள். பஞ்சை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். ஒன்றுமில்லை.

"போதுமா? திருப்தியா?" பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் பக்கமும் பாக்கணும் சார்."

"அங்கயும் இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் முட்டாள் சார், அவ்வளவுதான். இருந்துட்டா?" அக்கா அழுதுகொண்டிருந்தாள். கத்தியை மட்டும் விடவில்லை.

மகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அப்பா, கைய விடுங்க."

அவர் விட்டார். வலதுபக்கம் கிழிந்தது. பஞ்சுக்குள் ஒரு விரற்கடை ஆழத்தில், முனை மேலே பார்த்தபடி இருந்தது ஊசி. துணி விரித்திருந்த இடத்துக்கு நேர் கீழே.

அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மகள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"முன்சீட்டையும் நீதானே தைச்சே?"

"ஆமா சார். ஆனா ஒரு ஊசிதான் காணோம். அதான் கிடைச்சிடுச்சே."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அக்காவின் கையிலிருந்து கத்தியை வாங்கி, முன்சீட்டைக் கிழிக்க ஆரம்பித்தார்.