கார் விளக்கை உடைத்தவன்

இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, லாரி ஓட்ட லைசன்ஸ் வாங்கிய முதல் ஆள் அழகுமுத்து. நுவரெலியா கடைவீதியில் நாகலிங்கம் முதலாளியின் அரிசி லாரியை ஓட்டினான். பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்தவர்கள் நடந்துபோனால் தேவையே இல்லாமல் ஆரன் அடிப்பான். கோபமோ மூக்கு நுனியில் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஒருநாள், மூட்டைகளோடு இறம்பொடை ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு தோட்டத்துத் துரையின் கார் இறங்கி வந்தது. காரில் துரை இல்லை; டிரைவர் சின்னத்தம்பி மட்டும். பாரத்தோடு ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். கார் ஒதுங்கவில்லை. அழகுமுத்து லாரியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போனான்.

"பின்னால எடுய்யா. ஏத்தத்துல லோடு வண்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"இது தொரை காரு. அரிசி லாரிக்கெல்லாம் ஒதுங்க முடியாது."

அவ்வளவுதான். லாரியைக் கிளப்பச் சுற்றும் இரும்புக் கம்பியை எடுத்துவந்து, காரின் இரண்டு விளக்குகளையும் முன்கண்ணாடியையும் அடித்து நொறுக்கினான். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அடித்து முடித்த பிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது.

போலீஸ் வழக்குப் போட்டது. குற்றம் நிரூபணமானால் லைசன்ஸ் போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்றார் முதலாளி பிடித்துக்கொடுத்த வக்கீல். "பாத்த சாட்சி யாருமில்ல. அவன்தான் மண்மேட்டுல காரை மோதிட்டு ஒன் மேல பழி போடுறான்னு சொல்லு."

கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு அழகுமுத்து அதையே சொன்னான். "நான் தொடவே இல்லைங்க." சின்னத்தம்பி திகைத்துப்போய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் அழகுமுத்து திரும்பவே இல்லை. சாட்சி போதாது என்று வழக்குத் தள்ளுபடியானது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் கடைவீதிக்குச் சேதி வந்தது. காரை மோதிவிட்டுப் பொய் சொன்னான் என்று துரை சின்னத்தம்பியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாராம். அழகுமுத்து வக்கீலிடம் ஓடினான். "இப்ப உண்மையச் சொல்லிட்டா என்னங்க ஆகும்?"

"பொய்ச் சத்தியம் பண்ணுனதுக்கு நீ உள்ள போவ."

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே லாரியையும் ஓட்டினான், மனுஷன்.

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில், கொட்டும் மழையில், கைக்குழந்தையோடு ஒருத்தி கைகாட்டினாள். நிறுத்தினான். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பின்னால் டிரங்குப் பெட்டியோடு வந்த புருஷனைப் பார்த்தான். சின்னத்தம்பி. அவனும் அழகுமுத்துவை அடையாளம் கண்டுகொண்டான்; நனைந்த குழந்தையை நினைத்தோ என்னவோ, மனைவியிடம் அதைச் சொல்லாமல் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டான்.

"நானுஓயா ஸ்டேஷனுக்குப் போறோம் அண்ணே," என்றாள் அவன் மனைவி காளியாயி. "லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எவனோ ஒரு பாவி காரை ஒடச்சிட்டு, கோர்ட்டுல இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டான். நீங்க இந்த மழையில நிறுத்தி ஏத்திக்கிட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

அழகுமுத்துவால் அதைத் தாங்க முடியவில்லை. பிரேக்கை மிதித்தான்.

"அந்தப் பாவி நான்தான் தாயி."

ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் முகத்திலோ திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"இத தொரைகிட்ட வந்து சொல்றீங்களா அண்ணே? இப்ப பங்களாவுலதான் இருப்பாரு. சொன்னா இவர மறுபடி சேத்துக்குவாரு."

அழகுமுத்து வெளியே மழையைப் பார்த்தான். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா," என்றான். சொன்னது அவன் காதுக்கே கூசியது.

காளியாயி கதவைத் திறந்து இறங்கினாள். புருஷனையும் இறங்கச் சொன்னாள். குழந்தையின் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். "ஏறிக்கங்கம்மா, ஸ்டேஷன்ல விட்டுர்றேன்," என்று அவன் கூப்பிட்டது கேட்டிருக்கும், இருவரும் திரும்பவில்லை.

அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை அழகுமுத்து லாரியை எடுக்கவில்லை. அவர்களைத் தாண்டிப்போக அவனுக்கு முகமில்லை.