நாத்தனார் ஆல்பத்துக்கு நான் எழுதிய விமர்சனம்

கல்யாணமாகி அனுமந்தைக்கு வந்த புதிதில், என் மாமியார் என்னைப் பற்றி ஊரில் சொன்ன முதல் செய்தி, பாட்டைக் கேட்டுவிட்டு அதில் குற்றம் கண்டுபிடித்து எழுதுகிற மருமகள் வந்திருக்கிறாள் என்பதுதான். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார்களாம். கிடையாது. பகலில் மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு சின்ன இணைய இதழுக்கு இசை விமர்சனம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் விமர்சனம் என்கிறார்கள்.

இந்த வாய் ஒருநாள் வீட்டுக்குள்ளேயே திரும்ப வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவருடைய தங்கை ராப் பாடுவாள். அவளுக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் ரிசப்ஷன் வேலை. தங்க வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்து வாங்குகிற நேரத்திலேயே வரிகளை எழுதிவிடுவாள். எந்த மியூசிக் கம்பெனியும் பின்னால் இல்லாமல், தன் கைக்காசைப் போட்டு ஒன்பது பாட்டு கொண்ட ஆல்பத்தை இணையத்தில் வெளியிட்டிருந்தாள். அத்தனையும் ஜாஸ் சாயல். சாக்ஸபோன் வாசித்தவர் புதுச்சேரியில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பெரியவர். ஊர்வலத்தில் சினிமாப் பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனக்காக ஜாஸ் வாசிப்பவர். டபுள் பேஸும் டிரம்ஸும் விடுதிக்குத் தங்க வந்தவர்கள் உபயம்.

ஆல்பம் வெளிவந்த வாரம் அவள் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"எல்லாரும் சூப்பர்ங்கறாங்க அண்ணி. சூப்பர்னா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நீங்க எழுதுங்க. நெசமா எழுதுங்க."

காரணம் இருந்தது. விடுதியில் அவளை மேனேஜராக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மேனேஜர் என்றால் காலையும் அங்கேதான், இரவும் அங்கேதான். பாட்டுக்கு நேரமே இருக்காது. ஆல்பம் சுமார் ரகம் என்றால் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம், நன்றாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த முடிவுக்கு என் விமர்சனத்தை நம்பியிருந்தாள். இதைவிட என் தலையில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கலாம்.

நாத்தனாரின் ஆல்பத்துக்கு அண்ணி விமர்சனம். பாராட்டினால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், குறை சொன்னால் அண்ணிக்குப் பொறாமை என்பார்கள். எழுதும் முன் மூன்று வேளைச் சோற்றுக்கு வழி பார்த்துக்கொள் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். இதழின் ஆசிரியரிடம் உறவைச் சொன்னேன். முதல் வரியிலேயே அதை எழுதிவிடு, பிறகு மனசில் பட்டதை எழுது என்றார்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் தடவை சந்தோஷம் தாங்கவில்லை. நம் வீட்டுப் பெண் பேசுகிறாள் என்கிற சந்தோஷம். அது விமர்சனத்துக்கு உதவாது. வாரம் முழுக்கப் போகவும் வரவும் கேட்ட பிறகுதான் காது அவளை வேற்று ஆளாகக் கேட்கத் தொடங்கியது.

உண்மையிலேயே நல்ல ஆல்பம். ராப் என்றால் நம்மூரில் பெரும்பாலும் தாளத்தை ஆணி அடித்து நிறுத்திவிட்டு, அதன் மேல் வார்த்தையைக் கொட்டுவார்கள். இவள் தாளத்துக்கு ஒரு இழை பிந்தியே பேசுகிறாள். அவசரமில்லாமல் வந்து, சரியான இடத்தில் வார்த்தையை வைக்கிறாள். முதல் பாட்டில், விடுதிக்கு வருகிற எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வியை வேறு வேறு குரலில் கேட்கிறாள், அடியில் பேஸ் சும்மா நடை போட்டுக்கொண்டே இருக்கிறது. உப்பளத்துப் பெண்களைப் பற்றிய பாட்டில் வெயில் ஏறும் இடம் வந்ததும் டிரம்ஸ் நின்றுவிடுகிறது. தாளத்தை அவளுடைய சொற்களே தாங்குகின்றன. அந்த இடத்தில் நான் பஸ்ஸில் சத்தமாக "அடிப்பாவி" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாவது பாட்டுதான் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். என் மாமியார் திட்டுவதை அவருக்கே தெரியாமல் போனில் பிடித்துப் போட்டிருந்தாள். அவர் ஒரு வரி திட்டுவார், சாக்ஸபோன் அதே ஏற்ற இறக்கத்தில் திருப்பித் திட்டும், நடுவில் இவள் புகுந்து இரண்டு பேரையும் மடக்குவாள். மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து புரளும் ரகளை. ஜாஸ் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். திட்டுகிற குரல் தன்னுடையது என்பதில் மாமியாருக்கு ஏகப்பட்ட பெருமை.

சிக்கல் எட்டாவது பாட்டில் இருந்தது. ஆல்பத்திலேயே பெரிய பாட்டு அது. ஒரு புயல் நேரத்தில் என் வீட்டுக்காரர் போன போட் சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லை; விடியற்காலையிலிருந்து நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றியது. போட் மதியம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தக் காலை நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் பயந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினாள். விடுதிக் கதை, சினிமாக் கதை, அண்ணன் சின்ன வயதில் கோழி திருடிய கதை. அவள் வாய் ஓய்ந்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

பாட்டில் அந்த வாயைக் காணோம். நாலு வரி சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறாள். பெரியவர் சாக்ஸபோனை அற்புதமாக வாசிக்கிறார், வாசித்துக்கொண்டே போகிறார். கடைசியில் இவள் திரும்பி வரும்போது, மாமனார் இருக்கும் அறைக்குள் காபி கொண்டுபோகும் புது மருமகளைப் போலக் குரலைத் தழைத்துக்கொண்டு வருகிறாள். எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் வளர்ப்பு அது: பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே. அம்மாவிடம் அவளுக்கு அந்தப் பயம் கிடையாது. வெளி மனிதரிடம், அதுவும் தலை நரைத்தவரிடம், தானாக வந்துவிட்டது. ஜாஸில் ஒருவருக்கு ஒருவர் வழிவிடுவது சரிதான். இவள் வழிவிடவில்லை, வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என் வாழ்க்கையின் பயங்கரமான காலையை அவள் பாட்டாக்கியிருக்கிறாள், அதைப் போய்க் குறை சொல்வதா? ஆனால் அவள் பக்கத்தில் நின்றவள் நான்தான். என்ன விட்டுப்போயிற்று என்று என்னைத் தவிர யார் சொல்வார்கள்? அப்படியே எழுதினேன். மற்ற எட்டு பாட்டையும் காரணம் காட்டிக் கொண்டாடினேன். இந்த ஒன்று தோற்றுவிட்டது என்றும், ஏன் என்றும் எழுதி அனுப்பினேன்.

விமர்சனம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் போனை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். நான் குழம்பை ஊற்றுகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தேன். எட்டாவது பாட்டு வந்ததும் அவர் குரல் தடுமாறியது. வாசித்து முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மாமியார் முகமெல்லாம் சிரிப்பு. "என் மருமவ கெட்டிக்காரி. கொழந்தைக்கு மை வெச்சா மாதிரி ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கா பாரு."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. இங்கே புதிதாக எது வந்தாலும் முழுசாகப் புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும். எங்கள் புது போட் வந்து இறங்கிய அன்று இதே மாமியார் அதைச் சுற்றி வந்து, பின்பக்கம் கோணலாக இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கோணலே கிடையாது. ஊரார் கண்ணுக்கு முந்திக்கொண்டு, நம் வாயாலேயே ஒரு குறையைச் சொல்லிவைப்பது. என் விமர்சனத்தையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வெளியே சூப்பர் சூப்பர் என்று எத்தனை கண், அண்ணிக்காரி பொறுப்பாகத் திருஷ்டி கழித்திருக்கிறாள் என்று என் தட்டில் இன்னொரு மீன் துண்டைப் போட்டார். நான் உழைத்து எழுதிய ஒரே குறையைக் கன்னத்துப் பொட்டாக்கிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. வஞ்சிரம் வேறு நன்றாக இருந்தது.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தாள். கழுவிய தட்டை வாங்கிக் கவிழ்த்தாள். அடுத்த தட்டுக்குக் கை நீட்டவில்லை.

"அண்ணி, அந்த எட்டாவது பாட்டு. அம்மா சொன்னாப்புல திருஷ்டிக்குத்தான் எழுதுனீங்களா? இல்ல, நெசமாவா?"

தப்பிக்க வழி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், என் பேரும் கெடாது. அவள் முகத்தைப் பார்த்தேன். கரையில் என் கையைப் பிடித்திருந்தபோது இருந்த அதே முகம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நெசம்தான்டி. அன்னிக்கு நீ வாய மூடவே இல்ல. பாட்டுல மூடிட்ட."

அவள் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மெதுவாக, நம்பலாமா வேண்டாமா என்பதுபோலச் சிரித்தாள்.

"அப்ப மத்த எட்டுக்கும் எழுதுனது நெசந்தான, அண்ணி?"

"நெசம்தான்."

"அப்ப நாளைக்கே அந்த மேனேஜர் வேலைய வேணாம்னு சொல்லிடறேன்."